மஞ்சள் பூசிய முதல் தாள்

எங்கள் கணினிச் சேவரை மேகத்துக்கு ஏற்றிவிட்டார்கள். யாழ்ப்பாண நகரத்து ஆய்வுகூடம் ஒன்றின் பின்னறையில், குளிரூட்டிக்குக் கீழே, ஓயாமல் முனகிக்கொண்டிருந்த கறுப்புப் பெட்டி அது. ஊரில் பாதிப்பேரின் இரத்தமும் சீனியும் கொழுப்பும் எழுத்தாகி அதற்குள் கிடந்தன. இப்போது அவை எங்கே என்று கேட்டால் ஒருத்தர் சிங்கப்பூர் என்கிறார், ஒருத்தர் மும்பாய் என்கிறார். பெட்டி போனதும் பெட்டிக்குக் காவலிருந்த நானும் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஓய்வுபெறும் வயது எனக்கு இன்னும் வரவில்லை. ஓய்வு முந்திக்கொண்டு வந்துவிட்டது. வரட்டும். அரியாலையில் காலை வெயில் கடல்நீரேரிக்குள் இறங்கி முழங்கால் தண்ணீரில் நடக்கிறது. இறால் பிடிக்கிறவர்கள் அதோடு நடக்கிறார்கள். நான் கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஓரிடத்தில் நிற்கத் தெரியாத கால்களுக்கு இது புதுப் பழக்கம்.

போன கிழமை அங்கேதான் போன் அடித்தது. என் கதிரையில் இப்போது இருக்கிற கீர்த்தனா.

"அண்ணை, மேகத்திலையும் உந்தப் பழைய பிழைதான் வருது. தொடர்பு இல்லையாம். படம் எடுத்து அனுப்பியிருக்கிறன், பாத்தனீங்களோ?"

"நான் பாக்கிறது கிடக்கட்டும். நீ வாசிச்சனியோ?"

"வாசிச்சனான்."

"சத்தமாய்?"

"அண்ணை, நான் பஸ்ஸிலை நிக்கிறன்!"

சிரித்துவிட்டு வைத்தாள். மறுபடி எடுத்து, "உந்தச் சத்தமாய் வாசிக்கிற விசரை உங்களுக்கு ஆர் பழக்கினது? ஒருக்கா எழுதுங்கோவன், நாங்களும் சிரிப்பம்" என்றாள். சிரிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் படித்தது வானொலி திருத்த. திருத்தத் தெரிந்தபோது ஊரில் வானொலி கேட்க ஆளில்லை. பிறகு கணினிக்குத் தூசி தட்டினேன், வகுப்புகளுக்குப் போனேன், சான்றிதழ்கள் வாங்கினேன். ஒரு வைகாசி வெக்கைக்குள் ஆய்வுகூடத்தின் கணினிப் பகுதிக்குள் நுழைந்தேன். அந்தப் பகுதி என்றால் மொத்தம் இரண்டு கதிரை. ஒன்றில் நான். மற்றதில் என் மேலதிகாரி மங்களா அக்கா.

உரும்பிராய்க்காரி. வெங்காயமும் புகையிலையும் போட்ட வீடு. தோட்டத்துப் பாத்திகளுக்கு நீர் மாறிய கையாலேயே கணினியைத் தொட்டவர். மேசை இலாச்சியில் எப்போதும் ஒரு சுருள் கச்சான், வறுத்த நிலக்கடலை, இருக்கும். ஏதாவது உடைந்தால் இலாச்சி திறக்கும். கச்சான் கோது உடைபடும் சத்தம் கேட்டால் அக்கா யோசிக்கிறார் என்று அர்த்தம். அந்த நேரம் யாரும் குறுக்கே கதைக்கக் கூடாது.

சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒருநாள் தொடர்பு அறுந்தது. எங்கள் தரவுத்தளம் சேவருக்குள் இருக்கும். அதைப் பார்க்கவும் திருத்தவும் வேறொரு கணினியில் ஒரு நிர்வாகப் பக்கம் வைத்திருந்தோம். பிரவுசரில் திறக்கிற சாதாரண வலைப்பக்கம்தான். அன்று திறந்தால் சிவப்புப் பெட்டிக்குள் ஆங்கிலத்தில் இரண்டு வரி. நான் பாய்ந்து எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி ஏற்றப் போனேன்.

"தயா, உதைத் தொடாதை. கையை மடியிலை வை."

வைத்தேன்.

"வாசி."

வாசித்தேன்.

"எனக்குக் கேக்கேல்லை. தேவாரம் பாடுற மாதிரி வாசி. மனதுக்குள்ளை வாசிக்கிறவன் தனக்குத் தெரிஞ்ச சொல்லை மட்டுந்தான் வாசிப்பான். வாயாலை வாசிச்சால் தெரியாத சொல்லிலை நாக்கு இடறும். இடறுற இடத்திலைதான் விசயம் கிடக்கும்."

"நிறுத்தி ஏத்தினால் சரிவந்திடும் அக்கா."

"வரும். பிழையும் போகும், பிழையின்ரை காரணமும் போகும். நாளைக்குத் திரும்பி வரேக்கை நீ ஆரை விசாரிப்பாய்?"

அன்று வாயால் வாசித்தபோது இடறியது பயனர் பெயரில். யாரோ அதன் முடிவில் ஒரு வெற்றிடத்தைத் தட்டிவிட, மூடும் மேற்கோள்குறி தள்ளி நின்றது.

அக்காவின் முறை தோட்டத்து முறை. பாத்திக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் முதலில் பாத்தி வாயைப் பார், பிறகு வாய்க்கால், பிறகு குழாய், பிறகு இறைக்கிற மெசின். கடைசியில்தான் கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டும். எங்கள் ஆட்கள் எடுத்த எடுப்பில் கிணறு வற்றிவிட்டது என்று ஒப்பாரி வைப்பார்கள். அக்கா படலையடியில் நின்று காதைக் கொடுப்பார். தொடர்பு கேட்டுப் போகிற நிர்வாகப் பக்கம் ஒரு வீட்டுப் படலையைத் தட்டுகிற ஆளைப் போல, என்பார். தட்டத் தட்ட ஒரு சத்தமும் இல்லை, காத்திருந்து காத்திருந்து களைத்து வருகிறது என்றால் அந்த இலக்கத்தில் வீடே இல்லை, அல்லது வழி அடைபட்டுக் கிடக்கிறது. தட்டிய உடனே "இஞ்சை இல்லை, போ" என்று முகத்தில் அடித்தால் வீடு இருக்கிறது, ஆளும் இருக்கிறது, நீ கேட்கிற வாசல் அங்கே திறந்திருக்கவில்லை. "நீ ஆர்? பேரென்ன? கடவுச்சொல் என்ன?" என்று மறித்து விசாரித்தால் சந்தோசப்படு. "விசாரிக்கிற வீடு உயிரோடை இருக்கிற வீடு. பாதி வேலை முடிஞ்சுது" என்று ஒரு கச்சானை எடுத்து எனக்கும் தருவார்.

மௌனம், மறுப்பு, விசாரணை. வீட்டில் மனைவியோடு கோபித்துக்கொண்ட நாட்களிலும் இந்த வரிசை எனக்குப் பயன்பட்டது.

மறுப்பின் ருசியை முதலில் நான் அறிந்தது தொண்டைமானாற்றில். எங்கள் கிளை ஒன்று அங்கே இருந்தது. அதற்கெனச் சின்னதாய் ஒரு சேவரும் இருந்தது. ஆவணிக் கடைசி. சந்நிதி முருகன் கோயில் திருவிழா முடிந்து தெருவெல்லாம் இன்னும் கற்பூரம் மணத்துக்கொண்டிருந்தது. அச்சுவேலி தாண்டி மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினால் கிளைப் பொறுப்பாளர் பொன்னுத்துரையண்ணை வாசலிலேயே நின்றார்.

"தம்பி, ரெண்டு நாளாய்ச் சனம் என்னைப் பேசுது. உங்கடை பெட்டி செத்துப்போச்சு."

கையை மடியில் வைத்தேன். வாசித்தேன். உடனடி மறுப்பு. சேவர் விழித்திருக்கிறது, அதற்குள் தரவுத்தளம்தான் எழும்பவில்லை. ஏன் எழும்பவில்லை? மூச்சுவிட இடமில்லை. வன்தட்டு முழுக்க நிரம்பி ஒரு எழுத்தை எழுதவும் இடமில்லாமல் கிடந்தது. நிரப்பியது என்ன என்று தேடிப்போனால், தேர். சந்நிதித் தேர், முன்பக்கத்தால், பின்பக்கத்தால், கூரையிலிருந்து, ஆற்றங்கரையிலிருந்து. காவடிகள் தனியாக. எல்லாம் வீடியோ.

"அண்ணை, உதுகளை ஆர் இதுக்குள்ளை போட்டது?"

"நான்தான். என்ரை கணினி எந்த நேரமும் பழுதாப் போகும். உது ஒருநாளும் சாகாத பெட்டி எண்டு நீர்தானே சொன்னனீர்?"

"சாகடிச்சுப் போட்டியளே!"

அழிக்கும் விசைக்கு என் விரல் போனது. அண்ணை என் மணிக்கட்டைப் பிடித்தார். "தம்பி, முருகனை அழிச்ச ஆள் எண்ட பேர் உமக்கு வேணுமோ?"

விரல் நின்றுவிட்டது. அக்காவுக்குப் போன் எடுத்தேன். மறுபக்கத்தில் கோது உடைந்தது. "அழியாதை. சந்நிதியானை வெளிவீதிக்குக் கொண்டு போ" என்றார். கடையில் ஒரு வெளித்தட்டு வாங்கி, தேரையும் காவடிகளையும் ஒவ்வொன்றாக அதற்கு இடம் மாற்றினேன். பாதித் தேர் வெளியேறியபோதே தரவுத்தளம் கண் விழித்தது. பொன்னுத்துரையண்ணை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அது என் திறமையால் என்று இன்றுவரை அவர் நம்பவில்லை.

இனி அந்த விஜயதசமி.

ஆய்வுகூடம் எங்கள் டொக்டருடையது. இரத்தத்தை நுணுக்குக்காட்டிக்குக் கீழே பார்ப்பவர், பஞ்சாங்கத்தை மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்ப்பவர். சரஸ்வதி பூசையன்று எங்கள் இடத்தில் உழைக்கிற சாமான் எல்லாவற்றுக்கும் ஓய்வு. நுணுக்குக்காட்டி, இரத்தத்தைச் சுற்றிப் பிரிக்கிற சுழற்றி, கணினி, சேவர், எல்லாம் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, அவல் கடலை படைப்போம். விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து டொக்டர் தன் கையால் ஆரம்பித்து வைப்பார். அந்த வருடம் பூசை நடந்துகொண்டிருந்தபோது சுவரில் ரவுட்டரின் பச்சை விளக்குகள் மட்டும் துடித்துக்கொண்டிருந்தன. எல்லாக் கணினிகளையும் ஒன்றோடொன்று கதைக்க வைக்கிற அந்தச் சின்னப் பெட்டியை அதுவரை யாரும் கண்டுகொண்டதில்லை.

"பாவம், உதுக்கு மட்டும் ஓய்வில்லையோ?" என்றார் டொக்டர். அதுவும் நின்றது. அதற்கும் ஒரு பொட்டு.

அதோடு புதிதாக ஒரு பிரிண்டரும் வாங்கியிருந்தார். யார் கணினியிலிருந்தும் அனுப்பலாம். வலையில் தானே சேர்ந்துகொள்ளும். அதன் தட்டில் வைக்க ஒரு கட்டுத் தாளை எடுத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு, சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்திருந்தார். முதல் தாளில் பிள்ளையார் சுழி மட்டும் அடிக்க வேண்டும், பிறகுதான் மற்றது என்று உத்தரவு.

மறுநாள் காலை, நல்ல நேரம் பிறந்ததும் டொக்டர் பெரிய சுவிட்சைப் போட்டார். புதுச் சாமானுக்குத்தான் முதல் மரியாதை, பிரிண்டரை எழுப்பினார். அது பாட்டுப் பாடிக்கொண்டு எழும்பியது. பிறகு நான் சேவரை ஏற்றினேன். பிறகு மற்றவை. கற்பூரம், மணி, அவல்.

கதவைத் திறந்தால் ஒருத்தர் ஏற்கெனவே வாசலில் நின்றார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். கழுத்தில் சின்னச் சிலுவை.

"குருநகர். பேர் மரியதாஸ். மனிசி பெரியாஸ்பத்திரியிலை. பின்னேரம் வெட்டித்தான் பிள்ளை எடுக்க வேணுமாம். அவவின்ரை ரத்தத்திலை ஏதோ சிக்கலாம், எல்லா ரத்தமும் ஒத்துக்கொள்ளாதாம். ஆவணியிலை உங்களிட்டைத்தான் பாத்தது. அந்த றிப்போட் இருந்தால் பொருந்திற ரத்தத்தை இப்பவே தேடலாமாம். இல்லாட்டித் திரும்பப் பாக்க வேணும், அதுக்கு நேரம் போகும் எண்டு டொக்டரம்மா சொல்லுறா."

"உங்களிட்டைத் தந்த தாள்?"

"கூரைக்குள்ளை செருகி வைச்சது அண்ணை. போன மழைக்குக் கஞ்சியாப் போச்சு."

"அதுக்கென்ன, ஒரு நிமிசம்" என்று சொல்லிப் பெயரைத் தட்டினேன். பிலோமினா மரியதாஸ். திரை வெளிறிப்போய் நின்றது. நிர்வாகப் பக்கத்தைத் திறந்தேன். சிவப்புப் பெட்டி. தொடர்பு இல்லை.

டொக்டர் பின்னால் வந்து நின்றார். அவருடைய முகம் நான் அதுவரை காணாத முகம். "தம்பி, சந்தனம் கூடிப்போச்சோ? சேவருக்கு நான்தான் தடவினனான். காத்து வாற ஓட்டையிலை பட்டிருக்குமோ?" வேட்டித் தலைப்பால் சேவரைத் துடைக்கப் போனார்.

"சந்தனத்தாலை ஒரு சேவரும் செத்ததில்லை டொக்டர்" என்று மங்களா அக்கா இலாச்சியைத் திறந்தார். அன்று கச்சான் இல்லை. படைத்த அவல் கடலை. "தயா, கை."

மடியில் வைத்தேன். மரியதாஸ் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். மனைவி ஆஸ்பத்திரியில் படுத்திருக்க, இங்கே ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறான். "அண்ணை, நீங்களும் செபம் சொல்லிப்போட்டுத்தான் தொடங்குவியளோ?" என்று கேட்டார். அவர் சிரிக்கப் பார்த்தார்.

சேவருக்கெனத் திரை கிடையாது, எல்லாம் நிர்வாகப் பக்கம் வழியாகத்தான். ஒரு திரையைக் காவி வந்து பொருத்திப் பார்த்தேன். இதன் வாய் வேறு, அதன் வாய் வேறு. பெட்டியின் விளக்குகள் ஒழுங்காக மினுங்கின. எல்லாவற்றையும் ஒருக்கால் நிறுத்தி ஏற்றினால் என்ன? விரல் தவித்தது. அக்கா என் முகத்தைப் பார்த்தே அறிந்துகொண்டார்.

"நிறுத்தாதை. எழும்பி வர எவ்வளவு நேரம் எடுக்கும், எழும்பியும் இதே பிழை எண்டால் இந்தத் தம்பிக்கு என்ன சொல்லுவாய்? வாசி."

"கொனெக்ஷன் றிஃபியூஸ்ட்."

"திரும்பத் தட்டு. எவ்வளவு கெதியாய் வருது?"

தட்டினேன். விரல் எடுக்க முன் வந்துவிட்டது மறுப்பு.

"அப்ப அந்த இலக்கத்திலை ஆரோ இருக்கினம்."

"சேவர்தான் இருக்குது அக்கா. தொண்டைமானாறு மாதிரி உள்ளுக்குத் தரவுத்தளம் எழும்பேல்லைப் போல."

"அதைச் சேவரோ சொன்னது, நீ சொல்லுறியோ?" ஒரு கடலை உடைந்தது. "மறுக்கிற குரல் ஆரின்ரை குரல் எண்டு ஏன் ஒருத்தரும் கேக்கேல்லை? அந்த இலக்கத்தை வெறுமனே பிரவுசரிலை போடு. வீட்டுக்காரர் ஆரெண்டு வெளியிலை வரட்டும்."

போட்டேன். சேவரென்றால் அங்கே ஒன்றும் வரக்கூடாது. வந்தது. நீலமும் வெள்ளையுமாக, கோயில் வாசல் சோடனை போல ஒரு பக்கம் விரிந்தது. நல்வரவு சொன்னது. மை நிறைவாக உள்ளது என்றது. தட்டில் தாள் இல்லை, தயவுசெய்து தாள் வைக்கவும் என்றது.

பிறகு அக்கா வாயிலிருந்த அவல் பறக்கச் சிரித்தார்.

"டொக்டர், இவ்வளவு நேரமும் நாங்கள் உங்கடை புதுப் பிரிண்டரிட்டை ரத்தக் கணக்குக் கேட்டுக்கொண்டு நிண்டிருக்கிறம். அதுவும் பாவம், தன்னட்டை இல்லை, போங்கோ எண்டு சொல்லிக்கொண்டே இருந்திருக்குது!"

நடந்தது இதுதான். கணினிகளுக்கு வீட்டிலக்கம் கொடுக்கிறது ரவுட்டர். அது இதுவரை நின்றதில்லை, ஆகவே யாருக்கு எது என்பதை மறந்ததுமில்லை. ஓய்வு கொடுத்ததும் மறந்துவிட்டது. காலையில் வெறும் தலையோடு எழும்பிய ரவுட்டரிடம் முதல் மரியாதை பெற்ற பிரிண்டர் போய் நின்றது. கையிலிருந்த முதல் இலக்கத்தைக் கொடுத்துவிட்டது. அது வருடக்கணக்காகச் சேவர் குடியிருந்த இலக்கம். பின்னால் வந்த சேவருக்கு அடுத்த வீடு. நாங்களோ பழைய படலையிலேயே தட்டிக்கொண்டு நின்றோம்.

பிறகு எல்லாம் கடகடவென்று. பிரிண்டரை நிறுத்தினேன். ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து, இந்த இலக்கம் என்றைக்கும் சேவருக்கே என்று எழுதிவைத்தேன். சேவரின் வலைக்கம்பியைக் கழற்றிச் செருகினேன். நிர்வாகப் பக்கம் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டது. அந்த விசாரணை போல இனிமையான ஒன்றை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை. பிலோமினா வந்தார், ஆவணி மாதத்து இரத்தத்தோடு, அதன் நீண்ட பெயருள்ள சிக்கலோடு.

"அடியுங்கோ" என்றார் மரியதாஸ்.

பழைய பிரிண்டரை அதற்கு முதல் கிழமைதான் கழித்திருந்தோம். இருப்பது புதியது ஒன்று. அதற்குப் புது இலக்கம் கொடுத்து எழுப்பியாயிற்று. தாளில்லை. தாள் சரஸ்வதிக்கு முன்னால் இருக்கிறது. அதில் முதல் தாள் பிள்ளையாருக்கு. எல்லோரும் டொக்டரைப் பார்த்தோம். பிள்ளையார் சுழியை அடித்துவிட்டு அடுத்ததாக இதை அடிக்க ஒரு நிமிடம் கூட ஆகாது. ஆனால் அவர் பஞ்சாங்கக்காரர். அந்த ஒரு நிமிடத்தின் பாரம் அவருக்குத்தான் தெரியும்.

டொக்டர் போய்த் தாள்கட்டை எடுத்து வந்தார். தட்டைத் தானே இழுத்து வைத்தார். பிறகு மரியதாஸைப் பார்த்து, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்:

"நாலு மூலையிலும் மஞ்சள் பூசியிருக்கு. நீங்கள் வேதக்காரர், சிலுவை போட்டிருக்கிறியள். உங்களுக்குப் பறவாயில்லையோ?"

"ஐயா, மீன் எண்ணெய் பூசியிருந்தாலும் கொண்டு ஓடுவன்!"

பிரிண்டர் மூச்சிழுத்தது. முதல் தாள் வெளியே வந்தது: பிலோமினா மரியதாஸ், மூலைகளில் மஞ்சள், கீழே டொக்டரின் ஈரக் கையெழுத்து. மரியதாஸ் அதை மடிக்கவில்லை. இரண்டு கையாலும் தட்டுப்போல ஏந்திக்கொண்டு ஓட்டோவுக்கு ஓடினார். பிள்ளையாருக்கு இரண்டாம் தாள் கிடைத்தது. அவர் ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லை.

மாலையில் போன் வந்தது. பொம்பிளைப் பிள்ளை. தாய் சுகம். இரத்தம் ஏற்றினார்களாம், ஒத்துக்கொண்டதாம். "இரத்த வங்கியிலை உங்கடை தாளைப் பாத்துப்போட்டு, இதென்ன கலியாணக் கார்ட்டோ எண்டு கேட்டவையள் அண்ணை! பிள்ளைக்குப் பேர் மேரி விஜயா. அந்தப் பிரிண்டரின்ரை பேரைத்தான் வைப்பம் எண்டு பாத்தன், மனிசி விடமாட்டன் எண்டிட்டா." எங்கள் பக்கத்தில் மங்களா அக்கா அவல் சட்டியை வழித்து எனக்கு நீட்டினார். டொக்டர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த விஜயதசமிக்கு அவர் என்னைக் கூப்பிட்டு இரண்டு உத்தரவு போட்டார். ஒன்று, ரவுட்டருக்குப் பொட்டு மட்டும், ஓய்வு வேண்டாம். மற்றது, மஞ்சள் தொட்ட முதல் தாள் இனிமேல் வாசலில் முதலாவதாக நிற்கிற நோயாளிக்கு. சைவமோ வேதமோ, இரத்தமோ சலமோ, யார் முதலில் நிற்கிறாரோ அவருக்கு. பிள்ளையார் இரண்டாவது. மங்களா அக்கா ஓய்வுபெற்று உரும்பிராய்க்குப் போன பிறகும், சேவர் மேகத்துக்குப் போன பிறகும் இந்த வழக்கம் மட்டும் இடம் மாறவில்லை.

போன விஜயதசமிக்கு எனக்கு ஒரு யோசனை வந்தது. வேலையில்லாதவன், விடிய எழும்பினேன், வெறும் வயிற்றோடு சைக்கிளை மிதித்துப் போய் ஆய்வுகூட வாசலில் முதலாவதாக நின்றேன். கீர்த்தனா கதவைத் திறந்து, "அண்ணை, வேலை கேட்டு வந்தனீங்களோ?" என்றாள். "இல்லைப் பிள்ளை, இரத்தம் குடுக்க" என்று கையை நீட்டினேன். நல்ல நேரத்தில் முதல் தாள் வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள். நடுவில் என் சீனி. இருக்க வேண்டியதைவிடக் கூட.

வீட்டு முற்றத்தில் நின்று அதைப் படம் எடுத்து மங்களா அக்காவுக்கு அனுப்பினேன். ஒரு கச்சான் உடைக்கிற நேரத்துக்குள் பதில் வந்தது: "சத்தமாய் வாசி."

வாசித்தேன். குசினிக்குள் இருந்த மனைவிக்குக் கேட்டுவிட்டது. அன்றிலிருந்து என் தேத்தண்ணிக்குச் சீனி கேட்டால் உடனே வருகிறது மறுப்பு. நான் கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். யாருடைய குரல் என்று எனக்குத் தெரியும்.